உங்களுக்குத் தெரியுமா? பினாங்கு ரோடும் மோடிஃபை காடியும்!

ஸ்போர்ட் ரிம், கறுப்புக் கண்ணாடி, ஊரையே எழுப்பும் எக்ஸாஸ்ட்! காடியை அலங்கரிப்பவர்களுக்கும் அதைச் சாலைத் தடுப்பில் நிறுத்தும் போலீசாருக்கும் நடுவே எத்தனை சுவாரசியம் கொட்டிக் கிடக்கிறது தெரியுமா? தேடித் தேடிச் சேர்த்துவிட்டோம். சீட் பெல்ட்டை மாட்டுங்கள், கிளம்பலாம்!

பினாங்குதான் முதல்!

மலேசியா முழுவதும் மார்ச் 25 அன்று போலீஸ் தினம். ஏன் அந்தத் தேதி? 1807 மார்ச் 25 அன்று பினாங்குக்குக் கிடைத்த நீதிச் சாசனம்தான் காரணம். நாட்டின் நவீன போலீஸ் படைக்குப் பிறந்த வீடு நம்ம தீவு!

கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886-ல். அதாவது, காடி பிறப்பதற்கு 79 ஆண்டுகளுக்கு முன்பே பினாங்கில் போலீஸ் தயார்!

1985 ஆகஸ்ட் 3. பினாங்குப் பாலத்தின் மீது பிரதமர் மகாதீர் தானே ஓட்டிச் சென்ற காடி என்ன தெரியுமா? சிவப்பு நிறப் புரோட்டோன் சாகா. அந்த மாடல் அறிமுகமானது ஜூலை 9-ல்தான். பாலம் ஏறும்போது சாகாவுக்கு வயது வெறும் 25 நாள்!

அந்தப் பாலம் கட்டப்பட்ட காலத்தில் பொதுப்பணி அமைச்சர் யார்? நம்ம சாமிவேலு!

பாலத்தின் மொத்த நீளம் 13.5 கி.மீ. அதில் கடலுக்கு மேல் மட்டும் 8.4 கி.மீ! 2014 மார்ச் 1-ல் திறந்த இரண்டாம் பாலம் அதையும் மிஞ்சிவிட்டது. 24 கி.மீ. நீளம், கடலுக்கு மேல் 16.9 கி.மீ!

நெடுந்தூரம் நீண்டு கிடக்கும் பாலம், இரவில் காலியான சாலை. ரேஸ் பிரியர்களுக்குக் கை துறுதுறுக்கும் இடம்! ஆனால் வேக வரம்பு 80 கி.மீ!

பாயான் லெப்பாஸ் பக்கம் போகும் துன் டாக்டர் லிம் சோங் யூ விரைவுச்சாலையை அறியாத பினாங்குக்காரர் உண்டா? 1969 முதல் 1990 வரை முதலமைச்சராக இருந்தவரின் பெயர் அது. 21 ஆண்டுகள்!

தீவைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் சாலைக்குக் கூட்டரசு எண் 6. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் வரை மலைத் திருப்பங்கள். ஞாயிறு காலையில் காடி கிளப்புகளும் பைக் கிளப்புகளும் தேடிப் போகும் பாதை இதுவே!

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பினாங்கு மக்கள் சுமார் 17 லட்சத்து 40 ஆயிரம் பேர். இங்கே பதிவான வாகனங்களோ அதைவிட அதிகம். தலைக்கு ஒரு வண்டிக்கு மேல்!

பிளேட்டிலேயே ஆரம்பம்!

பினாங்கில் பதிவான காடிக்கு முதல் எழுத்து 'பி'. அதைத் தூரத்தில் பார்த்தே "நம்மூர் வண்டி" என்று சொல்லிவிடலாம்!

வழக்கமான மலேசிய நம்பர் பிளேட் வரிசையில் 'ஐ', 'ஓ' இரண்டும் கிடையாது. 1, 0 என்று கண்ணை ஏமாற்றிவிடுமே! 'இசட்' எழுத்தோ ராணுவத்துக்கு மட்டும்!

காடி பிளேட்டில் எழுத்தின் உயரம் 70 மில்லிமீட்டர். அகலம் 40. கோட்டின் தடிமன் 10. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடைவெளி 10. எழுத்துக் கூட்டத்துக்கும் எண்ணுக்கும் நடுவே 30. இவ்வளவும் அளந்து வைத்த கணக்கு!

மெர்டேக்கா கிடைத்த இரண்டே ஆண்டில், 1959-ல், வந்த வாகனப் பதிவு விதிகள்தான் இன்றும் பிளேட்டை ஆள்கின்றன. உங்கள் காடி புத்தம் புதிது. அதன் சட்டத்துக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது!

சாய்ந்த எழுத்து, வளைந்த எழுத்து, எண்களை நெருக்கி ஒரு பெயர் போலக் காட்டும் வித்தை. பார்க்க ஸ்டைல்! சிக்கினால் சம்மன் 300 ரிங்கிட் வரை!

கறுப்புப் பிளேட்டில் வெள்ளை எழுத்து. பல தலைமுறையாக இதுதான் மலேசியக் காடியின் அடையாளம். 2024 செப்டம்பர் 9-ல் மின்சாரக் காடிகளுக்கு அது தலைகீழானது. வெள்ளைப் பிளேட், கறுப்பு எழுத்து. விலை 98 ரிங்கிட்!

ஒரு எண்ணுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? 2012-ல் ஜொகூர் சுல்தான் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ 1' பிளேட்டை வாங்கிய தொகை 5,20,000 ரிங்கிட்!

கறுப்புக் கண்ணாடிக்குள் கணக்கு!

முன் கண்ணாடி வழியே 70 விழுக்காடு வெளிச்சம் ஊடுருவ வேண்டும். ஓட்டுநர் பக்கத்து, பக்கத்து இருக்கை ஜன்னல்களுக்கு 50 விழுக்காடு. பின்னால்? 2019 மே மாதத்திலிருந்து பின் கண்ணாடிகளுக்கு வரம்பே இல்லை. எவ்வளவு கறுப்பாகவும் ஒட்டலாம்!

முன்பக்கமும் இருட்டாக வேண்டுமா? பாதுகாப்புக் காரணத்தைக் காட்டி விண்ணப்பிக்கலாம் என்று அதே 2019-ல் அறிவித்தார்கள். விண்ணப்பக் கட்டணம் 50 ரிங்கிட். அனுமதி கிடைத்தால் இரண்டு ஆண்டுக்கு 5,000 ரிங்கிட்!

தமிழ்நாட்டில் என்ன விதி? முன் கண்ணாடிக்கு 70, பக்கக் கண்ணாடிக்கு 50. அதே எண்கள்! ஆனால் 2012 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டுவதையே தடுத்துவிட்டது. 

போலீசிடம் கையடக்கக் கருவி ஒன்று இருக்கிறது. கண்ணாடியின் இரு பக்கமும் வைத்தால் போதும். சில நொடிகளில் விழுக்காடு எண் திரையில்! "இது லைட்டான டிண்ட்தான் சார்" என்ற வாதமெல்லாம் அத்தோடு முடிந்தது!

பாதிக் காடியின் மகிமை!

'ஹாஃப்-கட்' கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஜப்பானில் ஓய்வு பெற்ற காடியைக் குறுக்கே வெட்டி, முன்பாதியை அப்படியே கப்பலில் ஏற்றிவிடுவார்கள். இன்ஜின், கியர்பாக்ஸ், ஒயரிங் அத்தனையும் அதோடு வரும். மலேசிய மோடிஃபை உலகமே இந்தப் பாதிக் காடிகளால் வளர்ந்தது!

1994-ல் வந்த பெரோடுவா கான்சிலுக்கு 660 சிசி இன்ஜின். ஆள் சின்னவர்! அதில் ஜப்பானிய டைஹாட்சு டர்போ இன்ஜினை மாட்டினால்? அளவு அதே 660 சிசி. சக்தியோ 64 குதிரைத்திறன். பழையதைப் போல் இரு மடங்கு!

புரோட்டோன் வீராவும் மிட்சுபிஷி லான்சரும் ஒரே வம்சம். அதனால்தான் லான்சர் இவோலூஷனின் முகமும் பம்பரும் வீராவுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. தொண்ணூறுகளில் தாமானுக்குத் தாமான் 'இவோ' உலா வந்த ரகசியம் இதுதான்!

போலீஸ் சும்மா இருக்குமா? அவர்களும் நிஜமான லான்சர் இவோலூஷன் எக்ஸ் காடியை நெடுஞ்சாலை ரோந்துக்கு இறக்கினார்கள். ரசிகர்கள் துரத்தலுக்குப் பயந்தார்களோ இல்லையோ, போட்டோ எடுக்க ஓடி வந்தார்கள்!

1996-ல் புரோட்டோன் வாங்கிய கம்பெனி எது? பிரிட்டனின் லோட்டஸ்! ஃபார்முலா ஒன் சாம்பியன்களின் பெயர், நம்மூர் சாத்ரியா ஜிடிஐ காடியின் முதுகில் ஸ்டிக்கராக ஒட்டிக்கொண்டது!

இன்ஜினை மாற்றினால் ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும், புஸ்பாகோம் போன்ற நிலையத்தில் வாகனச் சோதனையும் வேண்டும். பெயின்ட் நிறத்தை மாற்றினாலும் சொல்லியாக வேண்டும். வெள்ளைக் காடி சிவப்பாகிவிட்டது, பதிவில் இன்னும் வெள்ளை என்றால் சம்மன் உங்கள் பெயருக்குத்தான்!

இதைக் கேளுங்கள்! பஸ், லாரி, டாக்சிக்கெல்லாம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. சொந்தக் காடிக்கு? ஆண்டுச் சோதனையே இல்லை! விற்கும்போதோ இன்ஜினைப் போல் ஏதாவது மாற்றும்போதோதான் சோதனை வாசல். அதுவரை உங்கள் மோடிஃபையைச் சோதிக்கும் ஒரே கண், சாலைத் தடுப்பில் நிற்கும் அந்த அதிகாரியின் கண்தான்!

2009-ல் அரசு ஒரு குண்டு போட்டது. 15 வயதைத் தாண்டிய காடிக்குக் கட்டாயச் சோதனை! நாடே கொதித்தது. திட்டம் சில வாரம்கூடத் தாங்கவில்லை, வாபஸ்!

ஒரே ஆண்டில் மூன்று பிறப்பு. கான்சில், புஸ்பாகோம், கப் பிரி பைக் பந்தயம். மூன்றும் 1994!

சட்டத்தின் எண்கள்!

சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987. நாட்டுச் சட்டங்களில் அதன் எண் 333. மறக்கவே முடியாத எண்!

அதில் 64-ஆம் பிரிவு என்றாலே மோடிஃபை பைக் பையன்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஏன்? வண்டியையே பறிமுதல் செய்யும் அதிகாரம் அதில்தான் இருக்கிறது!

பைக் மேல் வயிற்றை வைத்துப் படுத்து, கால் இரண்டையும் பின்னால் நீட்டி ஓட்டுவதற்குப் பெயர் 'சூப்பர்மேன்'. அதற்குக் காத்திருப்பது 42-ஆம் பிரிவு. 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதம். கூடவே ஐந்து ஆண்டு வரை சிறை!

கம்பெனியிலிருந்து வராத 'எச்ஐடி' விளக்கைக் கடையில் மாட்டினால் குற்றம். எதிரே வருபவரின் கண் கூசும் அல்லவா! நீல விளக்கைச் சுழலவிட்டால் அதுவும் குற்றம். அந்த நீலம் சொந்தக் காடிக்கு இல்லை!

எக்ஸாஸ்ட் சத்தத்துக்குத் தனிச் சட்டமே உண்டு. 1987-ல் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வந்த வாகன ஒலி விதிமுறைகள். உங்கள் காடியின் உறுமலைப் போலீஸ் மட்டுமா கேட்கிறது? சுற்றுச்சூழல் துறையும் காது கொடுக்கிறது!

கண்ணாடியில் ரோட் டாக்ஸ் ஸ்டிக்கரைத் தேடுகிறீர்களா? 2023 பிப்ரவரி 10 முதல் அதை ஒட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. எல்லாம் கைப்பேசியில்!

2026 ஜனவரி 1 முதல் சம்மனுக்குப் புதுக் கணக்கு. 15 நாளுக்குள் கட்டினால் பாதி விலை. 50 விழுக்காடு தள்ளுபடி!

ரோட்டை விட்டு டிராக்குக்கு!

தெருவில் பறந்த பையன்களுக்கு ஒரு வழி திறந்தது. அதுதான் கப் பிரி! கடைக்குப் போகும் சாதாரண 'கப்சாய்' பைக்கில் தேசிய அளவிலான பந்தயம். பினாங்கின் பத்து காவான் விளையாட்டரங்க வளாகத்திலும் அது நடந்திருக்கிறது. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் வேகம்!

2016-ல் அர்ஜென்டினாவில் மோட்டோ 3 பந்தயத்தை வென்றார் கைருல் இடாம் பாவி. உலகக் கிராண்ட் பிரி பந்தயம் ஒன்றை வென்ற முதல் மலேசியர். அப்போது அவருக்கு வயது 17!

செப்பாங் பந்தயத் தளம் 1999-ல் திறந்தது. ஒரு சுற்று 5.543 கி.மீ. பினாங்கிலிருந்து சுமார் 400 கி.மீ. தூரம். ஃபார்முலா ஒன் அங்கே நடந்தது 1999 முதல் 2017 வரை, 19 தடவை!

அந்தச் செப்பாங்கில் 2005-ல் ஓட்டினார் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 11-வது இடம்! 2010-ல் சென்னையின் கருண் சந்தோக். 15-வது இடம்! மலேசிய மண்ணில் தமிழ்நாட்டு ஃபார்முலா ஒன் வீரர்கள்!

சிங்கப்பூர் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் நடந்தது. பந்தயம் பார்த்துவிட்டு இளைஞர்கள் ரோட்டில் பறப்பார்கள் என்ற கவலையும் சேர்ந்து அதை நிறுத்தியது. மறுபடி சிங்கப்பூரில் கிராண்ட் பிரி இன்ஜின் உறுமியது 2008-ல், இம்முறை ஃபார்முலா ஒன். இடைவெளி 35 ஆண்டுகள்!

போலீசும் ரசிகரும் கைகோத்தால்!

1896-ல் பிரிட்டனில் வால்டர் அர்னால்டு என்பவர் அதிவேகத்துக்காகத் தண்டனை பெற்றார். வேகம் எவ்வளவு? மணிக்கு 8 மைல்! வரம்பு 2 மைல். துரத்திப் பிடித்த போலீஸ்காரர் வந்தது சைக்கிளில்!

பிரிட்டனின் புகழ்பெற்ற ஆட்டோமொபைல் அசோசியேஷன் 1905-ல் எதற்காகத் தொடங்கியது தெரியுமா? போலீஸ் மறைந்து நிற்கும் இடத்தை வாகனமோட்டிகளுக்குச் சொல்லிவிட! நீதிமன்றம் கண்டித்ததும் உத்தி மாறியது. ஊழியர் சல்யூட் அடித்தால் பாதை சுத்தம். அடிக்காவிட்டால் முன்னே போலீஸ்!

அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம் 1953-ல் தன் முதல் அதிகாரபூர்வ டிராக் பந்தயத்தை நடத்தியது கலிபோர்னியாவின் பொமோனாவில். அதற்குத் தோள் கொடுத்தவர் யார்? அந்த ஊர் போலீஸ் தலைவர் ரால்ஃப் பார்க்கர்! அவருடைய சார்ஜென்ட் பட் கூன்ஸ் அடுத்த ஆண்டே ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் நடத்தச் சொல்லிக்கொடுத்தார்!

1984-ல் ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லில் போலீசார் ஒரு படி மேலே போனார்கள். ரோந்துக் காடியிலேயே டிராக்கில் இறங்கி, இளைஞர்களோடு பந்தயம்! "எங்களை ஜெயிக்க வேண்டுமா? ரோட்டில் வேண்டாம், இங்கே வா!"

ஜெர்மனியில் 2005 முதல் ஒரு திட்டம். சட்டப்படி மோடிஃபை செய்த காடிக்கு முழுப் போலீஸ் வண்ணம் பூசி எஸ்ஸென் மோட்டார் கண்காட்சியில் நிறுத்துகிறார்கள். 2006-ல் வந்த பிராபஸ் ராக்கெட் 730 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 360 கி.மீ.-க்கு மேல்!

ஜப்பானின் தொச்சிகியில் 2018-ல் ஒரு குடிமகன் போலீசுக்குப் பரிசு கொடுத்தார். என்ன பரிசு? புத்தம் புதிய நிஸ்ஸான் ஜிடி-ஆர்!

துபாய் போலீசின் புகாட்டி வேய்ரான் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மணிக்கு 407 கி.மீ!

2020-ல் இத்தாலியப் போலீசின் லம்போர்கினி ஒரு சிறுநீரகத்தைச் சுமந்துகொண்டு பதுவாவிலிருந்து ரோமுக்குப் பறந்தது. சுமார் 500 கி.மீ. தூரம், ஏறக்குறைய 2 மணி நேரம்!

நியூசிலாந்தில் 2009-ல் வந்தது நசுக்கல் சட்டம். தெருப் பந்தயக்காரரின் காடியையே இரும்பு இயந்திரத்தில் நசுக்கலாம். நாடே நடுங்கியது. பல ஆண்டு கடந்தும் நசுங்கியிருந்த காடிகள்? மூன்றே மூன்று!

சுவீடனில் 15 வயதிலேயே காடி ஓட்டலாம். முக்கிய நிபந்தனை, மணிக்கு 30 கி.மீ.-க்கு மேல் போகாதபடி மோடிஃபை செய்திருக்க வேண்டும். வேகத்தைக் குறைக்க ஒரு மோடிஃபை!

நம்ம சொந்தங்களின் சாதனை!

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-ல். சோழவரத்தில் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையே பந்தயத் தளம்! 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தளம். நீளம் 3.7 கி.மீ!

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 காடிகள் பறந்தன. சுற்று 3.5 கி.மீ. போலீஸ் காவலோடு, நடுத்தெருவில்!

இந்தியச் சட்டத்தில் அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் 5,000 ரூபாய் அபராதம். மொத்தமாக அல்ல, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000! நான்கு மாற்றம் என்றால் 20,000!

போர்க்கால யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் இல்லை. நம்மவர்கள் சும்மா இருந்தார்களா? சில துளி பெட்ரோலில் இன்ஜினை முடுக்கிவிட்டு, பழைய ஆஸ்டின், மொரிஸ் காடிகளை மண்ணெண்ணெயிலேயே ஓட்டினார்கள். உலகின் எந்த மோடிஃபை கடைக்கும் சவால்!

2025 ஜனவரி. துபாய் 24 மணி நேரப் பந்தயம். நடிகர் அஜித் குமாரின் அணிக்குத் தன் பிரிவில் 3-வது இடம். சிவப்பு விளக்கு, சம்மன், சாலைத் தடுப்பு எதுவும் குறுக்கே வராத வேகம் அது!

படித்துவிட்டீர்களா? இனி உங்கள் முறை! ரிம் வாங்கும் முன், இன்ஜினைத் தொடும் முன், பெயின்ட் அடிக்கும் முன் ஜேபிஜே கவுண்டரில் ஒரு கேள்வி கேளுங்கள். காடியை ஆசை தீர அழகாக்குங்கள். வேகம் வேண்டுமானால் பந்தயத் தளத்துக்குப் போங்கள். பினாங்குப் பாலத்தில் ஏறும்போது மட்டும் ஒரே ஒரு எண்ணை மறக்காதீர்கள்: 80!